ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்தாத சமையலறை

சமையலறையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தோன்றியதும் நிறையப் பேர் முதலில் செய்வது டப்பா வாங்குவதுதான். ஒரே அளவு, ஒரே நிற மூடி, வரிசையாக அடுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது எட்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால் எதைத் திறப்பது? டப்பாவைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். எது எங்கே இருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு நான் ஒரே ஒரு விதியைத்தான் வைத்திருக்கிறேன்: தினமும் கை போகிற பொருளை எடுக்க இன்னொரு பொருளை நகர்த்தக் கூடாது. எடுக்க ஒரு அசைவு, திருப்பி வைக்க ஒரு அசைவு. இதைப் பிடித்துக்கொண்டால் சமையலறை சின்னதோ பெரியதோ, மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

ஒரு சின்ன வாணலியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தட்டில், மூன்று பாத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்கக் குனிய வேண்டும், மேலே இருக்கிற மூன்றையும் ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் வாணலியை உருவ வேண்டும், தூக்கியவை சரியாமல் மெதுவாக இறக்க வேண்டும். சாப்பிட்டு, கழுவி முடித்த பிறகு இதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும், அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. வாணலி மேடையிலேயே தங்கிவிடும், நாளைக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று சேரும். மேடை நிரம்பி வழிந்தால் சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். திருப்பி வைப்பது அவ்வளவு சிரமமாக இருந்தால் வேறு என்னதான் நடக்கும்?

முதலில் பாருங்கள், அப்புறம் நகர்த்துங்கள்

எதையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு வேளை வழக்கம்போலச் சமையுங்கள், கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே சமையுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். கத்தியை எடுக்க இந்தக் கோடிக்கும் பலகையை எடுக்க அந்தக் கோடிக்கும் போனீர்களா, சீவிய தோலைக் கையில் ஏந்திச் சொட்டச் சொட்டக் குப்பைக்கூடை வரை நடந்தீர்களா, வடிகட்டியைத் தேடி இரண்டு டிராயரைத் திறந்து மூடினீர்களா, மூடி கிடைக்காமல் தட்டைக் கவிழ்த்து மூடினீர்களா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வேளை குறித்தால் போதும், எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். இன்னொருவர் வீட்டு ஏற்பாட்டைப் பார்த்து அப்படியே செய்வது சரிவராது, அவர் சமைப்பது வேறு, உயரம் வேறு, நீங்கள் இடக்கைக்காரர் என்றால் பொருள் வைக்கும் பக்கமே மாறிவிடும்.

சமையலறையில் நடக்கிற நடையைக் கணக்குப் பார்ப்பது புதிய விஷயம் இல்லை. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 2 மீட்டருக்கும் குறைவு, நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதில் அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய சின்னச் சின்ன அலுமினிய டிராயர்களைக் கைக்கெட்டும் இடத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்தார், உருவி எடுத்து அப்படியே சாய்த்துக் கொட்டலாம், தனியாக டப்பாவும் வேண்டாம், மூடியும் வேண்டாம். எனக்கு அந்த டிராயர்கள் ரொம்பப் பிடிக்கும், ஒரே அசைவு என்றால் அதுதான். பிறகு 1940களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளோடு முக்கோணக் கணக்கு பரவியது. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள்ளும், மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள்ளும் இருக்க வேண்டும், குறுக்கே மேசையோ நாற்காலியோ இருக்கக் கூடாது என்பார்கள். வாடகை வீட்டில் சிங்க்கை நகர்த்த முடியாதுதான். ஆனால் ஃபிரிட்ஜை நகர்த்தலாம், நடுவில் நிற்கும் ஸ்டூலை எடுத்துவிடலாம், பொருட்களை எங்கே வைப்பது என்பதோ முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

கழிப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பும் மேடையும் வேண்டுமே. ஒரு ஷெல்ஃப் அல்லது ஒரு டிராயர், அதை முழுக்க இறக்கி, துடைத்து, காயவிட்டு, திரும்ப அடுக்கிய பிறகே அடுத்தது. இறக்கியதைத் தினமும் தொடுவது, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தொடுவது, எப்போதாவது தொடுவது என்று பிரித்து வையுங்கள். கைப்பிடி ஆடுகிற பாத்திரம், டப்பா இல்லாத மூடி, பூச்சு உரிகிற நான்-ஸ்டிக் சட்டி இவற்றுக்கெல்லாம் யோசனையே வேண்டாம். மனசு வராதது பரிசாக வந்தவற்றிலும் 'என்றைக்காவது உதவும்' என்று வைத்திருப்பவற்றிலும்தான். அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, சமையலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் போய் எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் கழித்தும் பெட்டிக்குள்ளேயே கிடப்பதை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஒரே வேலைக்கு ஐந்து கரண்டி இருந்தாலும் கை எப்போதும் பிடித்தமான ஒன்றைத்தான் தேடும், மீதி நான்கும் அந்த ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கே முதலில் தேவையோ அங்கே

பாத்திரமெல்லாம் ஒரு இடம், கரண்டியெல்லாம் ஒரு இடம் என்று இனம் பிரித்து அடுக்குவது கடைக்குப் பொருந்தும். வீட்டில் வேலையைப் பார்த்துப் பிரிப்பதுதான் வசதி. தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றும் பாத்திரம் சிங்க் பக்கத்தில் இருக்க வேண்டும், எண்ணெய் ஊற்றி நேராக அடுப்பில் ஏறும் வாணலி அடுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் பாத்திரம்தான், ஆனால் முதல் வேலை நடக்கிற இடம் வேறு. வடிகட்டியும் தோல் சீவியும் சிங்க் பக்கம். கிளறும் கரண்டி, இடுக்கி, பிடிதுணி, உப்பு, ஒரு சின்னப் புட்டி எண்ணெய் எல்லாம் அடுப்பிலிருந்து கை நீட்டும் தூரத்தில். அரிசி அளக்கும் கிண்ணம் அரிசி டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும், மாவுக்குத் தனியாக ஒரு கிண்ணம் மாவு டப்பாவுக்குள். இப்படி ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைப்பதில் தப்பே இல்லை. கத்தரிக்கோல் ஃபிரிட்ஜ் பக்கம் ஒன்று, சிங்க் பக்கம் ஒன்று இருந்தால் வீட்டில் யாரும் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்க மாட்டார்கள்.

பிடிதுணியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பால் பொங்கி மேலே வருகிறது, துணி எதிர்ப்பக்கச் சுவரில் தொங்குகிறது என்றால் கையில் கிடைத்த ஈரத்துணியால் பாத்திரத்தைப் பிடிப்போம், ஈரத்துணி வழியாகச் சூடு உடனே கைக்கு வந்துவிடும், பாதி வழியில் பாத்திரத்தைப் போட வேண்டியிருக்கும். காய்ந்த துணிக்கு அடுப்புக்குப் பக்கவாட்டில், தீ தொடாத தூரத்தில் ஒரு கொக்கி அடியுங்கள், அந்தக் கொக்கியில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

நறுக்கும் இடம் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் அமைந்தால் மிகவும் நல்லது, கழுவு, நறுக்கு, போடு என்று வேலை ஒரே திசையில் நகரும். அந்த இடத்தில் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு எதுவுமே இருக்கக் கூடாது. நிரந்தரமாகக் காலி. அலங்காரச் சாடி, பழக்கூடை, வந்த தபால், சார்ஜர், எல்லாமே வேறு இடம் தேடிக்கொள்ளட்டும். கத்தியை டிராயரில் மற்றவற்றோடு போட்டால் முனை மழுங்கும், தேடும் விரலையும் வெட்டும், அதனால் சுவரில் காந்தப் பட்டையோ கத்தி ஸ்டாண்டோ வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் உயரத்தில். பலகை வழுக்கினால் அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் நகராது. குப்பைக்கூடை நறுக்குகிற இடத்துக்கு நேர் கீழே, மூடியைக் கையால் தொடாமல் காலால் மிதித்துத் திறக்கும் வகையாக இருந்தால் வேலை சுலபம். அதற்கு இடமில்லை என்றால் பலகை பக்கத்தில் ஒரு பழைய கிண்ணம் போதும், தோலெல்லாம் அதில் விழட்டும், கடைசியில் ஒரே தடவை கொட்டிவிடலாம்.

டீயோ காபியோ போடுவதற்கு வேண்டியதையெல்லாம், கெட்டில், கப், சர்க்கரை, கரண்டி, ஒரே மூலையில் சேர்த்து வையுங்கள், முடிந்தால் அடுப்புக்கு எதிர்ப்பக்கம். ஒருவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிச் சர்க்கரை எடுக்கிற நெரிசல் அதோடு தீரும்.

உயரமும் எடையும்

இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் சமையலறையிலேயே விலை உயர்ந்த இடம். தினமும் தொடுவதற்கு மட்டும் அதைக் கொடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வேண்டியவை கொஞ்சம் கீழே அல்லது கொஞ்சம் மேலே, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் பாத்திரம் உச்சியில். கனமானதும் கண்ணாடியும் தலைக்கு மேலே போகவே கூடாது. மேலே வைத்தால் லேசானவை மட்டும், அதுவும் கைப்பிடி உள்ள கூடையில் போட்டு வைத்தால் மொத்தமாக இறக்கலாம். மேலே ஏற நாற்காலி வேண்டாம், ஆடாத படி ஸ்டூல் ஒன்றைச் சுவரோரமாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸி போன்ற கனமான கருவியைத் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் அது மேடையிலேயே, பிளக்கில் செருகும் இடத்திலேயே இருக்கட்டும். மேடை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உள்ளே வைத்துவிட்டுத் தினமும் தூக்கி இறக்குவதில் அர்த்தமில்லை. மாதத்துக்கு ஒருமுறை தொடுகிற கருவி மேடையில் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

மேடையின் உயரத்தையும் பாருங்கள். முழங்கையை மடக்கி நின்றால், நறுக்கும் பரப்பு முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருப்பதுதான் வசதி. மேடை தாழ்வாக இருந்தால் தடித்த பலகை வைத்து உயர்த்தலாம், உயரமாக இருந்தால் காலுக்குக் கீழே அகலமான, உறுதியான பலகை போட்டுக்கொள்ளலாம். தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் இந்தச் சின்ன வித்தியாசம் காரணமாக இருக்கலாம்.

அடுக்காதீர்கள், நிறுத்துங்கள்

தட்டையான எதையும், மூடி, தட்டு, பலகை, பேக்கிங் தட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்தால் நடுவில் இருப்பதையும் ஒரே இழுப்பில் எடுக்கலாம். இதற்கென்று விற்கும் ஸ்டாண்ட்தான் வேண்டும் என்றில்லை, பாத்திரம் காயவைக்கும் பழைய கம்பி ஸ்டாண்டே போதும். மூடிகளைப் பாத்திரத்தோடு வைப்பதைவிடத் தனியாக அளவு வரிசையில் நிறுத்துவது எனக்கு வசதியாக இருக்கிறது. கதவின் உட்புறத்தில் கம்பி அடித்துச் சொருகினாலும் சரி. நான்-ஸ்டிக் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் துணி போடுங்கள், இல்லாவிட்டால் பூச்சில் கீறல் விழும்.

ஆழமான ஷெல்ஃபில் பின்னால் போனது திரும்பி வராது. அங்கே நீளமான கூடையோ பிளாஸ்டிக் தட்டோ வைத்து, அதற்குள் பொருளை வைத்தால் டிராயர் மாதிரி முழுக்க வெளியே இழுத்துக்கொள்ளலாம். மூலை அலமாரிக்குச் சுழலும் தட்டு. டிராயருக்குள் தடுப்பு இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், செருப்பு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தாலும் தடுப்புதான்.

டப்பா, மசாலா, எண்ணெய்

இப்போது டப்பாவைப் பற்றிப் பேசலாம். ஷெல்ஃபின் உயரம், ஆழம், நீங்கள் வழக்கமாக வாங்கும் பாக்கெட்டின் அளவு, மூன்றையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒரு கிலோ பாக்கெட் வாங்குகிறவர் முக்கால் கிலோ டப்பா வைத்திருந்தால் மீதிக் கால் கிலோ ரப்பர் பேண்டு போட்ட பாக்கெட்டாக அலையும். சதுர டப்பா வட்ட டப்பாவைவிட இடத்தைச் சேமிக்கும், உள்ளே தெரிகிற டப்பா தீர்ந்துபோவதை முன்கூட்டியே காட்டும். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா மூன்றும் வெள்ளையாக இருப்பதால் அவற்றுக்காவது பெயர் எழுதி ஒட்டுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும், டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், டிராயரில் வைப்பதாக இருந்தால் மட்டும் மேலேயும் எழுதுங்கள்.

பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டாதீர்கள். பழையது அடியிலேயே தங்கிப் பூச்சி பிடிக்கும், பிறகு புதியதும் சேர்ந்து போகும். பழையதைத் தீர்த்துவிட்டு, டப்பாவைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பூச்சி பயம் இருந்தால் வாங்கிய மாவையும் தானியத்தையும் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு டப்பாவில் கொட்டுங்கள், அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே ஈரம் சேரும்.

மசாலாவை அடுப்புக்கு மேலே ஷெல்ஃபில் வரிசையாக வைப்பது எல்லோருக்கும் பிடித்த இடம், மசாலாவுக்கு மட்டும் பிடிக்காத இடம். சூடும் ஆவியும் வெளிச்சமும் வாசனையைக் கெடுத்துவிடும், பொடி கட்டி தட்டும். அடுப்புக்குப் பக்கவாட்டு டிராயர்தான் சரி, கைக்கும் எட்டும், வெளிச்சமும் படாது. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே புட்டியைக் கவிழ்க்காமல் கரண்டியால் எடுத்துப் போடுங்கள், ஆவி உள்ளே போனால் அந்தப் புட்டி சீக்கிரம் வீணாகும். முழு மசாலா நாள் தாங்கும், அரைத்தது தாங்காது, அதனால் பொடியைக் கொஞ்சமாக வாங்குங்கள். எண்ணெயும் அப்படித்தான், சின்னப் புட்டியில் கொஞ்சம் வெளியே, மீதி இருட்டான அலமாரியில்.

உருளைக்கிழங்கு வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் ஏறும், அந்தப் பச்சை சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கலாம் என்பதற்கு அடையாளம். வெங்காயத்தை அதோடு ஒரே கூடையில் போடாதீர்கள், உருளைக்கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் அழுகும்.

ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சின்ன வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை. கதவுப் பக்கம்தான் அதிகம் சூடாகும், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படுகிறதே. பாலை அங்கே வைக்காமல் உள் தட்டில் பின்பக்கமாக வையுங்கள், கதவில் சாஸ், ஊறுகாய், ஜாம் போன்றவை போதும். பச்சை இறைச்சியும் மீனும் மூடிய பாத்திரத்தில் கீழ்த் தட்டில்தான் இருக்க வேண்டும், மேலே இருந்தால் அதன் நீர் அப்படியே சாப்பிடும் பொருள்மேல் சொட்டும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி இவையெல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் பழுத்து மஞ்சளாகும், அதனால் தனித்தனியாக வையுங்கள்.

மீந்த சாப்பாட்டைக் கண் மட்டத்துத் தட்டில், உள்ளே தெரிகிற டப்பாவில், சமைத்த தேதி எழுதி வையுங்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், பெரிய பாத்திரமாக இருந்தால் சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். அதே தட்டில் 'முதலில் சாப்பிட வேண்டியது' என்று ஒரு கூடை வைத்து, தேதி நெருங்குவதையெல்லாம் அதில் போட்டால் யார் ஃபிரிட்ஜைத் திறந்தாலும் அதில்தான் கை போகும். உணவு வீணாவதைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சிங்க் அடியும் தீயும்

சிங்க் அடியில் ஈரம் இருக்கும், குழாய் கசியும், அங்கே சாப்பிடும் பொருள் எதையும் வைக்க வேண்டாம். கழுவும் திரவம், பிரஷ், குப்பைப் பை இவற்றை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்தால் கசிவு வந்தால் உடனே தெரியும். குழந்தைகள் இருந்தால் பூட்டு அவசியம். சுத்தம் செய்யும் மருந்தைத் தண்ணீர்ப் புட்டியிலோ ஜூஸ் புட்டியிலோ ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள், பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ கலந்தால் நச்சு வாயு வரும், அதனால் அந்தப் புட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

வாணலியை முழுக்க மூடக்கூடிய பெரிய மூடி ஒன்று அடுப்புப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் பக்கவாட்டிலிருந்து சறுக்கி மூடி, அடுப்பை அணைத்து, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தீயணைப்பான் வாங்கினால் அதை வாசல் பக்கம் மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மற்றவர்களும் புழங்க வேண்டும்

ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு அந்த ஒருவர் ஊருக்குப் போனால் நின்றுவிடும், அதோடு எல்லா வேலையும் அவர் தலையிலேயே விழும். எனவே டப்பாவுக்குப் பெயர் எழுதுவதோடு நிற்காமல் ஷெல்ஃபின் விளிம்பிலும் எழுதுங்கள், எடுத்தவர் எங்கே திருப்பி வைப்பது என்று கேட்க வேண்டியிருக்காது. குழந்தைகளின் தட்டும் டம்ளரும் அவர்கள் கைக்கெட்டும் கீழ் டிராயரில் இருந்தால் சாப்பிட அவர்களே எடுத்து வைப்பார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர் சமைக்கிறார் என்றால் கீழ்த் தட்டுகளில் தினசரிப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தீரப்போகும் பொருளை எழுத ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும், கயிற்றில் கட்டிய பேனாவும் போதும், கடைசிப் பாக்கெட்டைப் பிரிப்பவரே எழுதிவிட வேண்டும்.

இரண்டு வாரம் புழங்கிய பிறகு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு பொருள் நீங்கள் கொடுத்த இடத்தை விட்டுவிட்டு மறுபடி மறுபடி வேறு இடத்தில் கிடந்தால், அது கிடக்கிற இடத்திலேயே அதற்கு ஒரு கொக்கியோ கூடையோ வைத்துவிடுங்கள். 'அது எங்கே இருக்கிறது?' என்று வீட்டில் இரண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டால், பதில் சொன்ன கையோடு அதன் இடத்தையும் மாற்றிவிடுங்கள்.